அழுத்தினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும்

(பொறியியல் மாணவர்களும், கல்குவாரி, ஆழ்துளைக் கிணற்றுத் தொழிலில் இருப்பவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசைமேல் இருப்பது பாறையில் துளை போடும் ஓர் ஆறரை அங்குல பிட். ஆழ்துளை போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உடல் முழுவதும் எஃகு. முகத்தில் பதிந்திருக்கும் குமிழ்களுக்குப் பட்டன் என்று பெயர். அவை டங்ஸ்டன் கார்பைடால் ஆனவை. முகத்திலுள்ள துளைகள் வழியாகக் காற்று வரும். ஓரத்தில் ஓடும் பள்ளங்கள் வழியாக உடைந்த கல் மேலே போகும். தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு அடியில் கடும்பாறைதான் கிடக்கிறது. ஆகவே குடிநீருக்குத் துளை போட்டாலும், ஜல்லிக்கு வெடிக்குழி போட்டாலும், மலையைக் குடைந்து பாதை அமைத்தாலும், முதலில் பாறையைத் தொடுவது இதுதான்.

இது எப்படிப் பாறையை உடைக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில், "பாறையைவிடக் கடினமானது, அதனால் உடைக்கிறது" என்பது. அது பாதிப் பதில். மீதிப் பாதி தெரியாததால் பிட் வீணாகிறது, டீசல் வீணாகிறது, ஆட்களின் உடம்பும் வீணாகிறது. அந்த மீதிப் பாதியைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பாறையின் பலமும் பலவீனமும்

கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் ஒன்றை மேசைமேல் நிறுத்தி உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். லேசில் உடையாது. அதையே இரண்டு கையாலும் பிடித்து வளையுங்கள். உடனே இரண்டாகும். வளைக்கும்போது ஒரு பக்கம் அமுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. இழுபட்ட பக்கத்தில்தான் விரிசல் பிறக்கிறது. கருங்கல்லும் இதே சாதி. நல்ல கருங்கல் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒன்றிலிருந்து இரண்டரை டன் வரை அழுத்தத்தைத் தாங்கும். இழுத்தாலோ, பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குக்குள்ளேயே விட்டுக்கொடுத்துவிடும்.

நம் கல்தச்சர்கள் இதைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். மாமல்லபுரம் போனால் ரதங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சுற்றியுள்ள பாறைகளில் ஒரே கோட்டில் வெட்டப்பட்ட சிறு சிறு குழிகளையும் பாருங்கள். அவை ஆப்புக் குழிகள். ஆப்பு, பாறையை அரைப்பதில்லை. இருபுறமும் தள்ளுகிறது. தள்ளத் தள்ள, குழிகளுக்கு இடைப்பட்ட கல் இழுபடுகிறது. கடைசியில் கோடு கிழித்த இடத்தில் பாறை பிளக்கிறது. அந்தக் குழியை வெட்ட வேண்டியிருந்தது கையகல ஆழத்துக்குத்தான். பிளந்ததோ ஆள் உயரக் கல். இன்றைக்கும் கிரானைட் குவாரியில் ஜாக் ஹேமரால் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கிப் பாளம் எடுக்கிறோம். கருவி மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை.

பிட்டுக்குக் கீழே நடப்பதும் இதுதான். பட்டன் பாறையில் விழும் கணத்தில், அதன் நேர்க் கீழே இருக்கும் கல் நொறுங்கி மாவாகிறது. அந்த மாவுக்குப் போக இடமில்லை. சுற்றியுள்ள பாறையைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. நெருக்கலால் விரிசல்கள் கிளம்பி, பக்கத்துப் பட்டன் முன்பு அடித்த பள்ளத்தை நோக்கி ஓடுகின்றன. இரண்டு பள்ளத்துக்கும் இடையிலுள்ள கல் சில்லாகப் பெயர்ந்து எழுகிறது. துளையிலிருந்து வெளியே வரும் கல்லில் மாவும் இருக்கும், சில்லும் இருக்கும். மாவு அழுத்தத்தால் உடைந்தது. அதற்குச் சக்தி மிக அதிகம் செலவாகும். சில்லு இழுப்பால் உடைந்தது. அது மலிவாகக் கிடைத்த கல். சில்லு அதிகம் வந்தால் பிட் நல்லபடி வேலை செய்கிறது என்று பொருள். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முடிவில் இது தேவைப்படும்.

இப்போது சுழற்சிக்கு வருவோம். துளைக்குள் இறங்கி அடிக்கும் ஹேமர் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள் கொடுக்கிறது. ஆனால் இந்த அளவு பிட் நிமிடத்துக்குச் சுற்றுவது இருபது, முப்பது சுற்றுதான். ஏன் இவ்வளவு மெதுவாக? இங்கே சுழற்சியின் வேலை அறுப்பதன்று, அடுத்த அடி விழும் இடத்தைச் சற்றே தள்ளி வைப்பது. மிக மெதுவாகச் சுற்றினால் பட்டன் தான் தோண்டிய பள்ளத்திலேயே விழுந்து மாவை மறுபடி மாவாக்கும். மிக வேகமாகச் சுற்றினால் ஓரப் பட்டன்கள் பாறையில் உரசித் தேயும். "வேகமாகச் சுற்றினால் வேகமாக இறங்கும்" என்று எண்ணிப் பிட்டைத் தீய்த்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம்.

எஃகு தோற்ற கதை

1627ஆம் ஆண்டு பிப்ரவரியில், இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சா சுரங்கத்தில் கஸ்பார் வைண்டல் என்பவர் வெடிமருந்து வைத்துப் பாறையைப் பிளந்து காட்டினார். சுரங்கத்தில் வெடி வைத்ததற்கு எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. வெடிமருந்து வந்ததும் துளையின் அருமை கூடிவிட்டது. மருந்தைப் பாறைக்கு வெளியே வைத்தால் சத்தம்தான் மிஞ்சும். உள்ளே வைத்தால் அது பாறையை உள்ளிருந்து வெளியே தள்ளும், அதாவது இழுத்துக் கிழிக்கும். அதற்கு ஆழமான துளை வேண்டும். ஒருவர் உளியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க, இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் இப்படித்தான் உலகம் துளை போட்டது.

1857இல் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் இடையே ஆல்ப்ஸ் மலையைக் குடையத் தொடங்கினார்கள். பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கையால் துளையிட்டால் இருபத்தைந்து ஆண்டு ஆகும் என்பது அன்றைய மதிப்பீடு. ஜெர்மேன் சோமெய்யே என்ற பொறியாளர் 1861இல் அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக் கருவியை அங்கே இறக்கினார். 1870 டிசம்பரில் இருபுறமும் சந்தித்தன. 1871 செப்டம்பரில் பாதை திறக்கப்பட்டது. சோமெய்யே அதற்கு இரண்டு மாதம் முன்பு காலமாகிவிட்டார்.

எந்திரம் வேகமாக அடித்தது. ஆனால் அடி வாங்கும் முனை பழைய எஃகுதான். குவார்ட்ஸ் கலந்த பாறையில் எஃகு முனை சீக்கிரமே மழுங்கிவிடும். ஒவ்வொரு பெரிய சுரங்கத்துக்கும் பக்கத்தில் ஒரு கொல்லுப் பட்டறை இரவு பகலாக எரிந்தது. கட்டுக்கட்டாக மழுங்கிய உளிகள் மேலே வரும். காய்ச்சி, தட்டி, தோய்ச்சல் கொடுத்து மறுபடி கீழே போகும். அடிக்கும் வேகம் எவ்வளவோ கூடியது. முனைதான் தடையாக நின்றது.

கார்பைடும் அதன் நிபந்தனையும்

அந்தத் தடை விலக ஒரு மின்விளக்குத் தொழிற்சாலையின் தேவை வழிவகுத்தது. பல்புக்குள் எரியும் டங்ஸ்டன் இழையை இழுக்க, தேயாத அச்சு வேண்டியிருந்தது. ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் ஷ்ரோட்டர் 1923இல் ஒரு வழி கண்டார். டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட் தூளோடு கலந்து, அச்சில் அழுத்தி, சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால் கோபால்ட் உருகித் துகள்களைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. க்ருப் நிறுவனம் 1926இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சதுர சென்டிமீட்டருக்கு நாற்பது டன் அழுத்தத்தையும் தாங்கும் பொருள் அது.

உடனே பாறையில் போட்டார்கள். முனைகள் தெறித்து விழுந்தன. ஏனென்றால் கார்பைடும் பாறையின் உறவுக்காரன்தான். அழுத்தினால் அசுரன், இழுத்தால் பலவீனன். கோபால்ட் கூடினால் அடி தாங்கும், ஆனால் சீக்கிரம் தேயும். குறைந்தால் தேயாது, ஆனால் உடையும். பாறைக்கான பட்டன்களில் கோபால்ட் பெரும்பாலும் நூற்றுக்கு ஆறை ஒட்டி நிற்கிறது. அந்த எண்ணுக்கு வந்து சேரப் பல ஆண்டு சோதனை தேவைப்பட்டது.

1940களில் ஸ்வீடன் இந்த முடிச்சை அவிழ்த்தது. சாண்ட்விக் நிறுவனம் கார்பைடு முனை பதித்த துளைக்கோல்களைச் செய்தது. அட்லஸ் நிறுவனம் ஒரே ஆள் இயக்கக்கூடிய இலகுவான துளைக் கருவியைச் செய்தது. கருவியைத் தாங்கித் தள்ளுவதற்குக் காற்றால் இயங்கும் ஒற்றைக் கால் ஒன்று. முன்பு கனமான எந்திரமும் இருவர், மூவரும் செய்த வேலையை ஒருவர் செய்தார். போருக்குப் பின் உலகச் சுரங்கங்கள் இதை ஸ்வீடிஷ் முறை என்றே அழைத்தன.

அடுத்த படி வடிவத்தில் வந்தது. தொடக்கத்தில் கார்பைடை உளி போல் நீளத் தகடாகப் பதித்தார்கள். தகட்டின் மூலையில் அடி விழுந்தால் அது வளையும், வளைந்தால் இழுபடும், இழுபட்டால் உடையும். பின்னர் அதே கார்பைடை உருண்டைத் தலையுள்ள சிறு உருளைகளாகச் செய்து, எஃகில் சற்றே சிறிய துளை போட்டு, இறுக்கிப் பதித்தார்கள். எஃகு எல்லாப் பக்கமும் நெருக்கிப் பிடிப்பதால் பட்டன் எப்போதும் அமுங்கிய நிலையிலேயே இருக்கிறது. உருண்டைத் தலையில் எங்கே அடி விழுந்தாலும் பெரும்பகுதி அழுத்தமாகவே உள்ளே இறங்குகிறது.

நண்பர்களே, நான் சொல்ல வந்த கருத்து இங்கேதான் இருக்கிறது. பாறையும் பட்டனும் ஒரே குணமுள்ள இரண்டு பொருள்கள். ஒன்றோடொன்று மோதும்போது எது இழுபடுகிறதோ அது உடைகிறது. பட்டனுக்கு அழுத்தத்தை மட்டும் கொடுத்து, பாறைக்கு இழுப்பைக் கொடுக்கும் ஏற்பாட்டின் பெயர்தான் பிட்.

வடிவத் தேர்வும் இதிலிருந்தே வருகிறது. கடினமான, உராய்வு மிகுந்த பாறைக்கு அரைக்கோளத் தலை. சற்றே மென்மையான பாறைக்குத் தோட்டா போல் கூரிய தலை. அது ஆழமாக இறங்கிப் பெரிய சில்லு எடுக்கும், ஆனால் கடும்பாறையில் முனை ஒடியும். விலைப் பட்டியலைப் பார்த்து பிட் வாங்குபவர் முதலில் தன் பாறையைப் பார்க்க வேண்டும்.

அடிக்காமலும் உடைக்கலாம். அமெரிக்காவின் டெக்சஸில் எண்ணெய்த் துளை போட்டவர்கள், சுரண்டும் பிட்டை வைத்துக்கொண்டு கடும்பாறையில் திணறினார்கள். ஹோவர்ட் ஹியூஸ் என்பவர், பிற்காலத்தில் விமானமும் திரைப்படமும் செய்து புகழ்பெற்றவரின் தந்தை, 1909இல் பல் வைத்த இரண்டு கூம்புகள் உருளும் பிட்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1933இல் அவர் நிறுவனத்தார் அதை மூன்று கூம்பாக்கினார்கள். மேலிருந்து பல டன் எடை அழுத்த, பற்கள் பாறைமேல் உருண்டு ஒவ்வொன்றாக இறங்கும். பெரிய திறந்தவெளிச் சுரங்கங்களில் அகலமான வெடிக்குழிகளை இந்த வகை பிட்தான் பெரும்பாலும் போடுகிறது. 1970களில் செயற்கை வைரத் தகடு பதித்த பிட்டுகள் வந்தன. அவை சீவி எடுப்பவை. படிவுப் பாறையில் அபாரம், நம் கருங்கல்லின் அதிர்வில் சீக்கிரம் தெறித்துவிடும்.

திருச்செங்கோடு வரை

மறுபடி அடிக்கும் கருவிக்கு வருவோம். துளைக்கு மேலே நின்று அடிக்கும் கருவிக்கு ஒரு குறை உண்டு. கருவியையும் பிட்டையும் இணைக்கும் ராடு மேல் ராடு சேர்க்கச் சேர்க்க, ஒவ்வொரு மூட்டிலும் அடியின் வலு கொஞ்சம் வீணாகும். ஆழம் போகப் போக பிட்டுக்குக் கிடைப்பது பழைய அடியின் மிச்சம்தான். அதனால் ஹேமரையே துளைக்குள் இறக்கி, பிட்டின் தலைமேல் நேராக அடிக்க வைக்கும் முறை 1950களில் பரவியது. ராடு வழியாக இறங்கும் அழுத்தக் காற்று ஹேமரை இயக்குகிறது. அதே காற்று பிட்டின் துளை வழியாக வெளியேறிச் சில்லுகளை வாரிக்கொண்டு மேலே வருகிறது.

1967இல் பீகார் வறட்சியின்போது யுனிசெஃப் இவ்வகை எந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கடும்பாறைப் பகுதியில் வேகமாகக் குடிநீர்த் துளை போட முடியும் என்பது அப்போது நாடெங்கும் தெரிந்தது. அதன் பிறகு இந்தத் தொழிலைத் தனதாக்கிக்கொண்ட ஊர் திருச்செங்கோடு. ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும், கடல் கடந்து ஆப்பிரிக்க நாடுகளிலும், நாமக்கல் மாவட்டத்து ரிக் வண்டிகளும் நம் ஆட்களும் நிற்பதைப் பார்க்கலாம். கடும்பாறையில் தண்ணீர் நிற்பது விரிசல்களில்தான். பூமி தன் அசைவில் என்றோ இழுபட்டுக் கிழிந்த இடத்தைத் தேடித்தான் ஆயிரம் அடி இறங்குகிறோம்.

அந்த ரிக் ஆட்கள் மழுங்கிய பிட்டைப் பார்த்தே துளையின் கதையைச் சொல்லுவார்கள்.  ஓரப் பட்டன் தேய்ந்திருந்தால் குவார்ட்ஸ் மிகுந்த பாறை, அல்லது சுழற்சி அதிகம். பட்டன் மேல் பாம்புச் சட்டை போன்ற மெல்லிய விரிசல்கள் தெரிந்தால், உராய்வு குறைந்த பாறையில் தேயாமலே களைத்துப்போயிருக்கிறது. அதைச் சாணை பிடித்து மேல்தோலை எடுக்காவிட்டால் திடீரென்று ஒடியும். தட்டையான பகுதி பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் சாணை பிடித்து உருண்டையாக்க வேண்டும் என்பது பொது விதி. "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்று விடுவதுதான் நம் வழக்கம்.

இன்னொன்று, ஓரம் தேய்ந்த பிட் போட்ட துளை அடியில் குறுகியிருக்கும். அதற்குள் புத்தம் புது பிட்டை இறக்கினால் இறுகிக்கொள்ளும். அனுபவசாலிகள் பிட்டுகளை அளந்து வரிசைப்படுத்தி, பெரியதிலிருந்து சிறியதாக இறக்குவார்கள். ஓர் அளவுகோலும் ஐந்து நிமிடமும் செலவிட்டால் ஹேமரோடு ராடுகளையும் துளைக்குள் பறிகொடுக்காமல் தப்பலாம்.

இரும்பு உடைத்த பிட்

2010 ஆகஸ்ட் 5 அன்று சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கம் சரிந்து 33 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். ஆகஸ்ட் 22 அன்று ஒரு சிறு துளை அவர்களை எட்டியது. உயிரோடிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆள் வெளியேறும் அகலத்துக்குத் துளை போட மூன்று திட்டங்கள் ஒரே நேரத்தில் ஓடின. வென்றது இரண்டாம் திட்டம். ஏற்கெனவே இருந்த சிறு துளையை, காற்றில் இயங்கும் ஹேமர்களைக் கொண்டு, ஏறத்தாழ 620 மீட்டர் ஆழம் வரை அகலப்படுத்தினார்கள்.

நடுவில் ஒரு தடங்கல். சுமார் 268 மீட்டரில் பிட் உடைந்தது. கடும்பாறையை உடைத்துக்கொண்டே போன பிட்டை உடைத்தது பாறையன்று. சுரங்கக் கூரை சரியாமலிருக்க முன்பு அடித்துவைத்த இரும்புக் கம்பிகள். கார்பைடோடு ஒப்பிட்டால் இரும்பு மென்மையானது. ஆனால் அது நொறுங்காது; வளையும், நசுங்கும், நீளும். பாறையை உடைக்க அமைத்த ஏற்பாடு, விரிசல் விடாத பொருளின் முன்னால் செயலற்றுப்போகிறது. அப்போது பக்கவாட்டில் இழுபடுவது பட்டன். துளைக்குள் விழுந்த துண்டுகளை மீட்டெடுக்கவே பல நாள் ஆயிற்று. அக்டோபர் 9 அன்று துளை முடிந்தது. 13ஆம் தேதி இரவுக்குள் 33 பேரும் மேலே வந்தார்கள். கடினத்தன்மைதான் எல்லாம் என்று இனி யாராவது சொன்னால் இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள்.

மாவு எங்கே போகிறது?

முதலில் சொன்ன மாவையும் சில்லையும் நினைவுபடுத்துகிறேன். சில்லு தரையில் விழுகிறது. மாவு காற்றில் எழுகிறது.

அமெரிக்காவின் கொலராடோவில் ஜார்ஜ் லேனர் என்பவர் 1890களில் துளைக்கோலின் நடுவே ஓட்டை வைத்து, அதன் வழியே காற்றை ஊதித் துளையைச் சுத்தம் செய்யும் எந்திரத்தைக் கொண்டுவந்தார். வேகம் பிரமாதம். ஆனால் ஊதிய காற்று பாறை மாவிலுள்ள சிலிக்கா தூசியைச் சுரங்கத்தொழிலாளியின் முகத்தில் கொட்டியது. அவர் பிறகு அதே ஓட்டையில் தண்ணீரைச் செலுத்தினார். தீர்வு நூறாண்டுக்கு முன்பே கைக்கு வந்துவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

தீர்வு இருந்தும் அதைப் பயன்படுத்தாத இடங்களில் ஆட்கள் மடிந்தார்கள். மேற்கு வர்ஜினியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதையில், 1930-31இல், சிலிக்கா மிகுந்த பாறையை உலர்வாகவே துளைத்தார்கள். வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர். சிலிக்கா தூசியால் நுரையீரலில் வரும் சிலிக்கோசிஸ் நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 764 பேர் என்று மார்ட்டின் செர்னியாக் என்ற மருத்துவர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் மதிப்பிட்டார். நமக்கு அருகில் கோலார் தங்கவயல். 1880 முதல் 2001 வரை, அன்றைய வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே குவார்ட்ஸ் பாறையை உடைத்தார்கள். 1940களில் நடந்த மருத்துவ ஆய்வுகள் அவர்களின் நுரையீரலில் அந்தப் பாறையின் தூளைக் கண்டன.

தூசியை அது பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும் என்று நம் சுரங்கச் சட்டங்களும் சொல்கின்றன. நம் குவாரிகளில் இன்றும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஜாக் ஹேமர் பிடிக்கிறவர்களைப் பார்க்கிறோம். துண்டு, கண்ணுக்குத் தெரியும் தூசியைத் தடுக்கும். நுரையீரலின் அடிவரை போகிற தூசி கண்ணுக்குத் தெரியாதது.

இனி பிட்டின் கணக்கையும் தூசியின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். கூர் உள்ள பிட் சில்லு எடுக்கிறது. மழுங்கிய பிட்டின் தட்டையான பட்டன் பாறையை இழுத்துப் பிளக்க முடியாமல் அழுத்தி அரைக்கிறது. டீசல் கூடுகிறது, இறங்கும் வேகம் குறைகிறது, நுண்தூசி பெருகுகிறது. ஆகவே முதலாளியின் லாபமும் தொழிலாளியின் மூச்சும் இங்கே எதிரெதிர்ப் பக்கம் நிற்கவில்லை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் செய்யக்கூடிய வேலை, பட்டனைக் காலத்தில் சாணை பிடிப்பது. அதற்கு மேல் எஞ்சும் தூசிக்குத் தண்ணீர் இணைப்பும், தூசி உறிஞ்சும் கருவியும், முறையான முகக்கவசமும்.

மாணவர்களே, நாளை நீங்கள் பொறுப்பேற்கும் தளத்தில் பிட்டின் விலையைக் கேட்காதீர்கள், ஒரு மீட்டர் துளைக்கு ஆகும் மொத்தச் செலவைக் கேளுங்கள். சில்லைக் கையில் அள்ளிப் பாருங்கள்; மாவாக வந்தால் வேலையை நிறுத்தி பிட்டை மேலே எடுங்கள். தண்ணீர்க் குழாய் இல்லாத எந்திரத்தை ஓட அனுமதிக்காதீர்கள். "தண்ணீர் விட்டால் சேறாகிறது, வேலை தாமதமாகிறது" என்று சொல்லுவார்கள். சேறு தரையில் கிடக்கும், அள்ளிவிடலாம். நுரையீரலுக்குள் போனதை யாராலும் அள்ள முடியாது.